மஞ்சள் பூசிய முளைகள்

எழுபதுகளின் கடைசியில் நான் சங்கரன்கோவிலில் டிராஃப்ட்ஸ்மேன். ரத வீதிக்குப் பின்னால் சும்மா கிடந்த புறம்போக்கில் பூங்கா போட உத்தரவு வந்தது. ஊஞ்சல், சறுக்கு, நாலு சிமெண்ட் பெஞ்சு, ரேடியோ ரூம், ஆடித்தபசுக் கூட்டத்துக்காக ஒரு கக்கூஸ். எல்லாம் என் வரைபடம்தான். கக்கூஸ் வரவேண்டிய இடத்தில் ஒரு வேப்பமரம் நின்றது. அதன்மேல் பெருக்கல் குறி போட்டேன். வெட்டவேண்டும் என்று அர்த்தம். மத்தியானத்தில் எங்கள் தெருப் பெண்கள் அந்த நிழலில்தான் தாயம் ஆடுவார்கள். வேலை முடிந்து அவர்கள் வெளியே வந்து உட்கார வேறு இடம் கிடையாது. பூங்காதான் வருகிறதே, பெஞ்சில் உட்காரட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்குப் பிறவியிலேயே சந்தேகபுத்தி. பால்காரர் சிரித்தால்கூடச் சொம்புக்குள் எட்டிப் பார்ப்பேன். கட்டடங்களுக்கு இடம் குறிக்கும் முளைக்குச்சிகளை விறகுக்குப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று, அடித்த அத்தனைக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். மஞ்சள் பூசியதில் எங்கள் ஊரில் யாரும் கை வைக்கமாட்டார்கள்.

மூன்றாம் நாள் காலையில் போனால், கக்கூசுக்கு அடித்த நாலு முளையும் இடம் மாறியிருந்தன. டேப் பிடித்துப் பார்த்தேன். எட்டடி தள்ளி, நீளம் அகலம் இம்மி பிசகாமல், மூலைமட்டம்கூடச் சரியாக இருந்தது. புது மஞ்சள், புதுக் குங்குமம் வேறு. மறுவாரம் இன்ஜினியர் வந்து பார்க்கப்போகிறார். பிடுங்கிப் பழைய இடத்திலேயே அடித்தேன். அடுத்த நாள் காலையில் மறுபடி தள்ளி இருந்தன.

பூங்கா வேலைக்கு வந்திருந்த கொத்தனார் கும்பிட்டபோது, இன்றைக்கு என்ன இவ்வளவு பணிவு என்று தோன்றியது. பிறகு பருத்தி வியாபாரி நினைவுக்கு வந்தார். அவர் வீட்டுப் பின்சுவர் அந்தப் புறம்போக்கை ஒட்டித்தான் இருக்கிறது. முந்தின வாரம் என்னைக் காப்பி குடிக்கக் கூப்பிட்டார். காரணம் இல்லாமல் யார் காப்பி கொடுப்பார்கள்? நேரே அவர் கடைக்குப் போனேன். நாலு பேர் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, முளையத் தள்ளி வச்சது நீங்கதான?"

அவர் அசையவில்லை. "எந்தப் பக்கம் தள்ளியிருக்குவே?"

"உங்க செவுத்துப் பக்கம்."

"கக்கூச எஞ்செவுத்துக்கிட்ட நானே இழுத்து வச்சுக்கிடுவனா? படம் வரையுத ஆளுதானவே நீரு?"

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். எட்டடி என்று அளந்தவன், அந்தத் திசையில் தள்ளினால் யாருக்கு நஷ்டம் என்று யோசிக்கவே இல்லை. அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் இதுவும் ஒரு தந்திரமாக இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன்.

சாப்பாட்டில் உட்கார்ந்து வியாபாரியைத் திட்டித் தீர்த்தேன். என் மனைவி ரசச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"அவுகள ஏன் வையுதிய? தள்ளி வச்சது நாங்கதான். தாயம் ஆடுத நாலு பேரும் சேந்து. மரம் பொழைக்கட்டும்னு."

நான் நம்பவில்லை. "மூலைமட்டம் எப்படிச் சரியா வந்துச்சு?"

"தெனமும் புள்ளி வச்சுக் கோலம் போடுதோம். நாலு முளைய நேரா வைக்கத் தெரியாதாக்கும்?"

"ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"சொல்லியிருந்தா, யாரு தூண்டிவிட்டான்னு கேட்டிருப்பிய."

அந்தக் கேள்விதான் அப்போதும் என் நாக்கு நுனியில் இருந்தது. வெட்கமாகிவிட்டது.

கை கழுவிவிட்டு வரைபடத்தை விரித்தேன். வேப்பமரத்தின் மேலிருந்த பெருக்கல் குறியைப் பிளேடால் சுரண்டி எடுத்தேன். வியாபாரி சுவருக்கும் இடைஞ்சல் வரக்கூடாது. கக்கூஸை எங்கே வைக்கலாம் என்று அவளைக் கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நெசமாத்தான் கேக்கியளா?" என்றாள்.