சந்தை நாளுக்கு ஒரு கட்டம்

நாமக்கல் கடையில் புது வருடத்துக்கு பிளானர் எடுக்கப் போன எனக்குக் கோபம்தான் வந்தது. அரை மணிக்கு ஒரு கட்டம், தண்ணீர் குடித்ததற்கு ஒரு கட்டம், சிரித்ததற்குக்கூட ஒரு கட்டம். "இது இல்லாம இப்ப யாருங்க நாளை ஓட்டறாங்க?" என்றார் கடைக்காரர்.

புதுத் தாளின் வாசனை என்னைக் கொல்லிமலையில் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டருக்கு இழுத்துப் போனது. துறையூர் மிளகு வியாபாரி பாய் கொடுக்கும் அதை நாங்கள் தினமும் கிழிக்க அம்மா விடமாட்டாள். கோழிகளும் கூடைகளும் கூச்சலுமாகக் கிடக்கும் வாரச் சந்தைத் திடலிலிருந்து, சேலையெல்லாம் மிளகு மணக்கத் திரும்பி வந்ததும், ஏழு தாளையும் சரக்கென்று ஒன்றாகக் கிழித்து அடுப்பில் போடுவாள். "மத்த நாளெல்லாம் ஒரே களைவெட்டுதான் கண்ணு. தனித்தனியா எதுக்குக் கிழிக்கோணும்?"

இருப்பதிலேயே மெல்லிய பிளானரை வாங்கி வந்து, வேண்டாத பக்கங்களைப் பிய்த்தெறிந்தேன். 'மன அமைதிக்கு மலைக்குப் போங்கள்' என்ற பக்கத்தைச் சுக்குநூறாக்கினேன். அப்படி அமைதி தேடி வருகிறவர்களுக்காகத்தானே எங்கள் சந்தைத் திடலை வளைத்து விடுதி கட்டி, கார் நிறுத்துகிறார்கள்! மிஞ்சிய பக்கங்களில் சந்தைக் கிழமையை மட்டும் விட்டு மற்ற நாட்களைக் கோடு போட்டு அடித்தேன். வாரத்துக்கு ஒரே கட்டம், அம்மாவுக்குப் போதுமாயிருந்த அளவு. அதில் எழுதத்தான் சந்தை இல்லை.