நிமிஷத்துக்கு எவ்வளவு காற்று

ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். அங்கே ஸ்ப்ரே கன்னுக்கு வேண்டிய காற்று சுவரிலிருந்து வரும். ஹோஸைச் செருகினால் போதும். எந்த மெஷின் அதை அனுப்புகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வேலையை விட்டு, தச்சரான என் கணவரோடு சுங்குவார்சத்திரத்தில் ஷெட் போட்ட பிறகுதான் யோசிக்க வேண்டி வந்தது.

முதல் பெரிய வேலை, பக்கத்துக் கிராமத்து சர்ச்சுக்குப் பதினாறு பெஞ்சுகள். அவர் செய்வார், நான் பாலிஷை ஸ்ப்ரே அடிப்பேன் என்று பேச்சு. நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்த இரண்டு நாளில் அவரே ஒரு கம்ப்ரஸரை வாங்கி வைத்திருந்தார். குடத்தைவிடக் கொஞ்சம் பெரிய டேங்க்.

"கைலயே தூக்கினு போவலாம், பாரேன்," என்றார்.

தூக்க முடிந்தது. அடிக்கத்தான் முடியவில்லை. பெஞ்சில் பாதி தூரம் போவதற்குள் அழுத்தம் இறங்கி, பாலிஷ் துப்பல் துப்பலாக விழுந்தது. டேங்க் நிரம்பும்வரை காத்திருந்து மறுபடி அடித்தால், முதலில் அடித்தது காய்ந்துபோய் நடுவே கோடு. முழு பெஞ்சும் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆயிற்று. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுக்க எனக்கு ஒரு பகல் போனது.

மறுநாள் ஸ்ப்ரே கன்னைப் பையில் போட்டுக்கொண்டு, அவரையும் இழுத்துக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூரில் அவர் அதை வாங்கிய கடைக்கே போனேன்.

"எத்தினி எச்.பி. வோணும் சார்?" கடைக்காரர் அவரைத்தான் கேட்டார்.

"எச்.பி. கெடக்கட்டும்ணா. நிமிஷத்துக்கு எவ்ளோ காத்து வெளிய வரும்?" என்றேன் நான்.

"காத்து நல்லா வரும் சார்," என்றார், மறுபடியும் அவரிடமே.

மெஷின்மேல் தகட்டில் போட்டிருந்த எண், பம்ப் உள்ளே இழுக்கிற காற்று, வெளியே வருவது அதைவிடக் குறைவு என்று விளக்கினேன். "கம்பெனிக்காரன் தப்பாவா போடுவான் சார்?" என்றார்.

என் கணவருக்கே பொறுக்கவில்லை. "எனக்கு மரந்தாண்ணா தெரியும். அடிக்கிறது அவங்க. அவங்களாண்ட பேசு."

கன்னில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு மெஷினாக மாட்டி, ஒரு காலி அட்டைப்பெட்டி மேல் விடாமல் அடித்துப் பார்த்தேன். கடைக்காரர் சலித்துப்போய் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார். இரண்டு மெஷின்களில் அழுத்தம் காட்டும் முள் சரசரவென்று விழுந்தது. மூன்றாவது, பெல்ட்டில் ஓடும் இரட்டை சிலிண்டர். அதில் முள் கொஞ்சம் இறங்கி, ஓரிடத்தில் நின்றது. நான் கையெடுக்கும்வரை அங்கேயே நின்றது. கடைக்காரர் திரும்பி வந்ததும் அதை வாங்கிக்கொண்டோம். முதலில் வாங்கிய சின்னது இப்போது ஷெட்டில் தூசி ஊதுகிறது.

புது மெஷினில் முதல் பெஞ்ச் கண்ணாடியாக வந்தது. இரண்டாவதை ஆரம்பிக்கும்போது, பக்கத்துக் கட்டடத்து அறையில் தங்கியிருக்கும் தெற்கத்திப் பையன் ஒருவன் லுங்கியோடு வந்து நின்றான்.

"அக்கா, இப்பம்தான் நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து படுத்தோம். எட்டு பேருக்கும் உறக்கமே இல்ல. என்ன மெசினுக்கா இது?"

காற்றைப் பற்றி அத்தனை கேள்வி கேட்ட நான், சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. கன்னைக் கீழே வைத்தேன். அவர்கள் எழுந்திருக்கிற மூன்று மணிக்கு மேல்தான் ஓட்டுவது என்று பேசி முடித்தோம். மீதி பெஞ்சுகளுக்குப் பத்து சாயங்காலம் பிடித்தது. தினமும் மதில்மேல் ஒரு தலை எட்டிப் பார்க்கும்.

"எந்திச்சாச்சுக்கா, போட்டுக்கிடுங்க."