பெலிங் பாடாத பாட்டு

சோப்பு நுரை முழங்கைவரை ஏறியிருக்க, துணியைக் கசக்கிக்கொண்டே பெலிங் வாய் திறக்காமல் ஒரு மெட்டை இழுப்பாள். வாளும் இறக்கையுமாகப் பழங்கால ராணிகள் சண்டை போடும் டிவி தொடரின் முகப்புப் பாட்டு அது. வாய்விட்டுப் பாடவேண்டிய இடம் வந்ததும் சட்டென்று நிறுத்திவிடுவாள். வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து இழுப்பாள். பிலிப்பைன்ஸின் ஹகோனாய் ஊரில் எங்கள் சந்து முழுக்க அவள் துவைத்த துணிதான். அந்தப் பாட்டை அவள் பாடி முழுசாகக் கேட்டவர்தான் யாருமில்லை.

வாய் என்றால் அப்படியொரு வாய். "இது சட்டையா, மீன் கூடையா? மொதல்ல உன் புருஷன ஊறப் போடுடி!" என்று என்னையே கேட்டிருக்கிறாள்.

மகன் ருவெலுக்கு ஒன்பது வயது. பாட்டு தொடங்கியதும் குளிக்கிற துண்டை முதுகில் இறக்கையாகக் கட்டிக்கொண்டு டிவி முன்னால் குதிப்பான். போன ஆகஸ்டில் டெங்கு வந்தது. ஆஸ்பத்திரி வார்டில் டிவி இல்லை. "நீ பாடும்மா" என்று கெஞ்சினான். சுற்றிலும் கூட்டம், பெலிங்குக்கு வெட்கம். "எல்லாரும் பாக்குறாங்கடா. வீட்டுக்குப் போய்ப் பாடுறேன், கண்ணு."

வீட்டுக்கு அவள் மட்டும்தான் திரும்பி வந்தாள். இதை என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

புனித வாரத்தில் கர்த்தரின் பாடுகளைப் புத்தகம் பார்த்து இரண்டிரண்டு பேராகப் பாடுவோம். மெட்டு பாடுகிறவர் இஷ்டம். இந்த வருஷம் எங்கள் முறை வந்ததும் பெலிங் அந்தத் தொடரின் மெட்டைச் சொன்னாள். கோயிலைக் கவனிக்கும் குலாஸ் அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார்.

"கத்திச்சண்டை மெட்டுலயா கர்த்தரோட பாடுகளைப் பாடுறது? அடுக்குமா?"

"போன வருஷம் நீங்க காதல் பாட்டு மெட்டுல பாடினீங்களே, அப்ப அவரு காதைப் பொத்திக்கிட்டாராண்ணே?"

இஞ்சி டீ குடித்துக்கொண்டிருந்த பெண்களுக்குப் புரையேறியது. அண்ணன் விடவில்லை.

"அது வேற. இது சின்னப் பசங்க பாட்டு."

"ஆமாண்ணே," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "சின்னப் பையனுக்குத்தான்."

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவரே பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தார். சிலுவையடியில் தாய் நிற்கிற இடம்.

நான் மைக்கை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. பெஞ்சின்மேல் ஏறினாள். மாமரத்தில் கட்டிய ஒலிபெருக்கி சந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்து, கல்லறைத் தோட்டத்தின் பக்கமாகத் திருப்பினாள்.