தகரக் கூரைக்கு வெள்ளை

கடத்தூரில் காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். தர்மபுரியில் வேறு பஸ் மாறிப் பாலக்கோடு போக வேண்டும். அங்கே தக்காளி மண்டியில் கூடை தூக்கியவன் என் அண்ணன். போன சித்திரையில் ஒரு மத்தியானம் வேலை முடிந்து வந்து, எங்கள் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே படுத்தான். எழுப்பப் போனபோது உடம்பு அனலாக இருந்தது. உயிர் இல்லை. மறுபடி சித்திரை வந்துவிட்டது. அதே கூரைக்குக் கீழேதான் அண்ணியும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள்.

வடதுருவம் வரை போய் வந்த ஆராய்ச்சிக்கார அக்கா ஒருவர் மண்டிப் பக்கம் பேச வருகிறார், சூட்டைப் பற்றிச் சொல்வார் என்று அண்ணனோடு வேலை செய்தவர் போனில் சொன்னார். அதற்காகத்தான் போனேன். நான் எட்டாவதோடு நின்றவள், புரிந்ததை எழுதுகிறேன்.

கடல்மேல் மிதக்கும் பனி வெள்ளையாக இருப்பதால் வெயிலைத் திருப்பி அனுப்புமாம். அது உருகினால் கறுத்த கடல் தெரியும். கடல் சூட்டைக் குடிக்கும். அந்தச் சூட்டில் மிச்சப் பனியும் போகும்.

முன்வரிசையில் இருந்த விவசாயி கேட்டார். "ஏங்க மேடம், தோட்டத்துக்கு மருந்தடிக்கற மாதிரி வானத்துல என்னமோ அடிக்கப் போறாங்களாமே?"

"ரொம்ப உசரத்துல தூள் தூவுனா வெயில் கொஞ்சம் கொறயலாங்க. ஆராய்ச்சிதான் நடக்குது."

"அப்ப நம்மூரு மழ?"

"மாறலாம். எப்படி மாறும்னு இன்னும் சரியாத் தெரியலைங்க."

"பேயாத மழயில மாறறதுக்கு என்னங்க இருக்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். "ஒரு நாட்டுக்காரங்க தூவுனா எல்லா நாட்டுக்கும் பாதிக்கும். யாரு சம்மதம் சொல்றதுன்னுதான் சண்ட," என்றார்.

நான் எழுந்து, "எங்க வூடு தகரக் கூரைங்க்கா," என்றேன்.

"மேல சுண்ணாம்பு பூசுங்க. ஏன் இன்னும் பூசல?"

சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை எங்கள் பக்கம் வெள்ளையடிப்பதில்லை. போன வருஷம் பொங்கலுக்குச் சற்று முன்னால்தான் பெரியப்பா இறந்திருந்தார். "கூரைக்கு மட்டுமாச்சும் பூசிக்கறேன்ப்பா," என்று அண்ணன் கேட்டான். "பங்காளி செத்த வருசத்துல வெள்ளையா?" என்றார் அப்பா. அண்ணன் விட்டுவிட்டான். பிறகு அவனே போனான். அதனால் இந்தப் பொங்கலுக்கும் வெள்ளை இல்லை. வெள்ளை போனால் சூடு, அந்தச் சூட்டில் மிச்சமும் போகும். கறுத்த கடலின் கதையை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

திரும்பும்போது சுண்ணாம்பு மூட்டையோடு ஏறினேன். "பொங்கலெல்லாம் போயி இப்ப எதுக்கும்மா வெள்ள? தண்ணி பட்டா கொதிக்கும், தள்ளி வையி," என்றார் கண்டக்டர்.

சாயங்காலம் அப்பா மூட்டையைப் பார்த்தார். "வருசம் முடியலையே பாப்பா. இன்னும் கொஞ்ச நாளுதான."

"அந்தக் கொஞ்ச நாளு வெயில்தாம்ப்பா பயமா இருக்குது. உள்ள போகப் பயந்துக்கிட்டு அண்ணி புள்ளையோட பகலெல்லாம் மரத்தடியிலயே கெடக்குது."

அப்பா மூட்டைப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பிறகு, "அவன் கேட்டப்பவே வுட்டிருக்கணும்," என்றார்.

மறுநாள் விடிந்ததும் ஏறி இரண்டு பூச்சு பூசினேன். மத்தியானம் குழந்தை உள்ளே தூங்கியது. அப்பா மட்டும் உள்ளே வரவில்லை. வெயிலில் நின்று, கண் கூசக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.