வலைப்பட்டியும் வெட்கமும்

சிறுநீர் கசியும் பெண்களைப் பார்க்கிற கிளினிக்கில் நர்ஸ் வேலை என்றால், நோயைவிட அதைச் சொல்ல வைப்பதுதான் பெரிய வேலை. இருமினால், சிரித்தால், மூட்டை தூக்கினால் கசிகிறவர்களுக்கு, சிறுநீர்க்குழாய்க்கு அடியில் தாங்கலாக ஒரு வலைப்பட்டி வைத்துத் தைப்பது உண்டு. பலருக்கு அதோடு நிம்மதி. சிலருக்கு அந்தப் பட்டியே தொல்லையாகிவிடும். மாத்தளையில் எங்கள் டொக்டரிடம் வருகிறவர்கள் அந்தச் சிலர். தும்மல் வரும்போது காலைப் பின்னிக்கொள்கிற அக்கா தங்கச்சிமாரே, நானும் உங்கள் கூட்டம்தான், தயங்காமல் வாசியுங்கள்.

குத்தியது யாருக்கு?

தம்புள்ளையில் மரக்கறி லொறி ஓட்டுகிறவர் மனைவியோடு வந்தார். ஆம்பளைகள் பெரும்பாலும் கிளினிக் வாசலுக்கு வெளியேயே நின்றுவிடுவார்கள். இவர் உள்ளே வந்து, தானே சொல்லலாமா என்று கேட்டார். மனைவி தலை நிமிரவில்லை. மனைவிக்கு வலைப்பட்டி வைத்துச் சில வருஷம். கொஞ்ச நாளாக, சேரும்போது புருஷனுக்கு ஏதோ குத்தியிருக்கிறது. புருஷன் காரணம் சொல்லாமல் ஒதுங்க, தன் மேல் ஆசை போய்விட்டது என்று மனைவி நினைத்துக்கொண்டார்.

டொக்டர் பார்த்தபோது பட்டியின் ஓரம் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. முதலில் உள்ளே பூசும் கிரீம் கொடுத்துப் பார்த்தார். ஆறவில்லை. பிறகு ஒப்பரேஷன் தியேட்டரில் அந்த ஓரத்தை வெட்டி, தோலைச் சேர்த்துத் தைத்தார். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில், எப்படி இதைச் சொல்ல வந்தீர்கள் என்று அந்த மனிதரைக் கேட்டேன்.

"குத்துனது எனக்கு, மிஸி. அழுதது அவ. அப்புறம் நான் வாய மூடிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?"

வயலில் இறங்க முடியாதவர்

குசுமாவதி வில்கமுவவில் வயல் செய்கிறவர். பஸ் இல்லாத நாளில் டிராக்டரில் ஏறி ரோட்டுக்கு வந்து, அங்கிருந்து எங்களிடம் வருவார். பட்டி வைத்த பிறகு தொடை இடுக்கில் வலி. சேற்றில் கால் வைத்தால் உயிர் போகும். போன இடமெல்லாம் இடுப்புத் தேய்மானம், வயசு, மனசு என்று ஒவ்வொன்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

எங்கள் டொக்டர் அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு சோதித்தார். பட்டி இழுத்துக்கொண்டிருந்த இடத்தை விரலால் தொட்டதும் குசுமாவதி துள்ளிவிட்டார். "நீங்க சொன்னது சரி, வலி இங்கதான் இருக்கு" என்றார் டொக்டர். பட்டியை முழுசாக எடுப்பது தன்னால் ஆகாத காரியம் என்பதையும் மறைக்கவில்லை. அதற்கென்றே தேர்ந்த சர்ஜனோடு அங்கேயே போனில் பேசி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். குசுமாவதி அழுதார்.

அங்கே பட்டியை எடுத்த பிறகு வலி முக்கால்வாசி போய்விட்டது. கசிவு கொஞ்சம் திரும்பியது. மறுபடி வந்தபோது, தூரமாகப் போகச் சொன்னதற்கா அன்றைக்கு அழுதீர்கள் என்று கேட்டேன். சிங்களத்தில் அவர் சொன்னதைத் தமிழில் அப்படியே தருகிறேன்.

"அதுக்கில்ல. எனக்கு வலிக்குதுன்னு இன்னொருத்தர் வாயால கேட்டேனே, அதுக்கு."

பாட்டுக்காரி

தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலில் பூசைக்குப் பாடுகிற மரியாவுக்குத் தொல்லை வேறு மாதிரி. பட்டி இறுகிப்போய், சிறுநீர் முழுசாக இறங்காது. அடிக்கடி காய்ச்சலும் எரிச்சலும். பட்டியை நடுவில் வெட்டி விட்டால் இறங்கும், ஆனால் பழைய கசிவு திரும்பலாம் என்று டொக்டர் இரண்டையும் சொல்லி, யோசிக்கச் சொன்னார். தியேட்டருக்குத் திகதி கிடைக்கும்வரை அவரே தனக்குக் குழாய் போட்டுச் சிறுநீர் எடுக்கக் கற்றுக்கொடுத்தேன். கீழே கண்ணாடியைப் பிடித்துப் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டார்.

வெட்டிய பிறகு சிறுநீர் தாராளமாக இறங்கியது. கசிவும் கொஞ்சம் வந்தது. இடுப்புத் தசையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியைக் காட்டிக்கொடுத்துவிட்டு, பாட்டைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைப்போமா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"மேல எடுத்துப் பாடுறப்ப ரெண்டு சொட்டு வருதுங்க மிஸி. அது பாட்டுக்கு வரட்டும், நான் பாட்டுக்குப் பாடுறேன்."

வலைப்பட்டியை வெட்ட எங்கள் தியேட்டரில் கத்திரி இருக்கிறது. வெட்கத்தை எடுக்க ஒன்றும் இல்லாததால், அதை மட்டும் வருகிறவர்களே எடுத்துவிட்டு வரவேண்டியிருக்கிறது.