சாவி வண்டியில்தான் இருந்தது

செய்தி எனக்கு வீட்டு முற்றத்தில் வந்தது. பெங்களூர் ஜோகுபாளையத்தில் அன்று மதியம் மூன்று மணிக்குக் கரண்ட் போயிருந்தது. நான் கீழே வந்து வண்டியை ஸ்டார்ட் செய்து, பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மாடி ஜன்னலிலிருந்து வீட்டுக்காரரின் மனைவி ஜெயம்மா எட்டிப் பார்த்தார். "மேல வாப்பா" என்றார். அவ்வளவுதான். அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது. என் மனைவி ஹேமா போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு மாடியில் அவளிடம் கன்னடம் படித்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். பத்தாம் நாளன்று உங்களில் சிலரும் என் உறவினர்களும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னீர்கள்: கரண்ட் போனதால்தான் ஹேமா இறந்தாள் என்று. அது பொய். அனுதாபமாகச் சொன்னாலும் பொய்தான். அவள் கேட்டிருந்தால் உங்களைச் சும்மா விட்டிருக்க மாட்டாள்.

நுரையீரல் தடித்துச் சுருங்கிப் போகும் நோய் அவளுக்கு. கடைசி ஒன்றரை வருடம் ஆக்சிஜன் இயந்திரத்தோடு வாழ்ந்தாள். அது கரண்டில் ஓடுவது. அந்தக் கோடையில் தினமும் மணிக்கணக்கில் கரண்ட் கட். பழைய யு.பி.எஸ். அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. எங்களிடம் பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் கார் இருந்தது. அதிலிருந்து கரண்ட் எடுக்கலாமே என்றாள். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். ஒரு தாள் நிறையக் கணக்குப் போட்டு, கூடாது என்று விளக்கினேன். அவள் தாளைப் பார்க்கவேயில்லை.

"சிக்னல்ல நிக்கறப்போ எஞ்சின் ஆஃப் ஆகுது. ஆனா ஃபேன் ஓடுது, பாட்டு ஓடுது. அந்தக் கரண்ட் எங்கேருந்து வருது? அதுல எனக்குக் கொஞ்சம் குடுங்க."

அந்தச் சனிக்கிழமை எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஒரு இன்வெர்ட்டர் வாங்கி வந்தேன். காரின் சின்ன பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர், அங்கிருந்து தனி வயர் ஒன்று நேராக மாடி அறைக்கு. வண்டியைத் திறந்த முற்றத்தில் நிறுத்தி ஸ்டார்ட் செய்துவிட்டால் போதும். சார்ஜ் இறங்கும்போது எஞ்சின் தானாக ஓடும், ஏறியதும் தானாக நின்றுவிடும்.

வயர் வீட்டுக்காரர் ராஜண்ணாவின் ஜன்னலைத் தாண்டிப் போனது. "ஏனம்மா இது, வீடா ஒர்க்‌ஷாப்பா?" என்று கேட்டார்.

"அங்கிள், கரண்ட் ஆபீஸ்ல டைம்டேபிள் போட்டுக் கட் பண்றாங்க. அவங்க டைம்டேபிளுக்கு நான் மூச்சை நிறுத்த முடியாது" என்றாள் ஹேமா. அவர் உள்ளே போனார். மறுநாள் காலையில் பார்த்தால், வண்டிப் புகை தெருப் பக்கம் போகட்டும் என்று தன் ஸ்கூட்டரை நகர்த்தி நிறுத்தியிருந்தார்.

தப்பு செய்தது நான்தான். ஒரு நாள் கம்பெனி பஸ்ஸில் ஆபீசுக்குப் போனேன். பழக்கத்தில் கார் சாவியும் பேன்ட் பாக்கெட்டில் வந்துவிட்டது. பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. ஆட்டோ பிடித்து நான் வந்து சேரும்வரை அவசரத்துக்கு வைத்திருந்த சிறிய சிலிண்டர்தான் அவளைத் தாங்கியது. அதன் மீட்டர் முள் கிட்டத்தட்ட அடியைத் தொட்டிருந்தது. ஹேமா திட்டவில்லை. கையை நீட்டிச் சாவியை வாங்கினாள். தாலிச் செயினில் எப்போதும் கிடக்கும் ஊக்குகளில் ஒன்றைத் திறந்து அதில் மாட்டிக்கொண்டாள்.

"உங்க டிகிரிய நம்பறேன். உங்க பாக்கெட்ட நம்ப மாட்டேன்."

வகுப்பில் அவள் கழுத்தில் ஆடிய சாவியை பீரோ சாவி என்று நினைத்தீர்கள் அல்லவா? அது இதுதான்.

கடைசி நாள் காலையிலிருந்தே இயந்திரம் முழு வேகத்தில் ஓடியும் போதவில்லை. இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று டாக்டர் முந்தின வாரமே சொல்லியிருந்தார்; ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அவளும் சொல்லியிருந்தாள். கரண்ட் போனதும் அவளே ஊக்கைத் திறந்து சாவியை என் கையில் வைத்தாள். ஜெயம்மா சிலிண்டரைத் திறந்தார். நான் கீழே ஓடினேன். வயரில் கரண்ட் வந்தது, இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது, ஜெயம்மா குழாயை மாற்றிவிட்டார். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் ஹேமா இருந்தாள். நான் மேலே போனபோது இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் போன நிமிடத்தில் நான் பக்கத்தில் இல்லை. அதை நான் சுமந்துகொள்கிறேன். ஆனால் நின்றது அவளுடைய நுரையீரல். அவள் கேட்டு வாங்கிய கரண்ட் ஒரு நொடிகூட அவளைக் கைவிடவில்லை.

பெண்கள் அவளுடைய செயினைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்கள். அந்த ஊக்கு மட்டும் திறந்தபடி, காலியாக இருந்தது. சாவி இருக்கவேண்டிய இடத்தில், வண்டியில் இருந்தது.

வயரை எடுத்துவிடச் சொன்னார் மாமனார். எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன். இயந்திரத்தை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டேன். வயர் நுனியில் இப்போது வகுப்பறையின் ட்யூப்லைட் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். என் கன்னடத்தைக் கேட்டு ஆட்டோக்காரர்களே சிரிக்கிறார்கள், அதனால் ஜெயம்மா உங்களுக்குச் சொல்லித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கரண்ட் போனால் நான் கீழே போய் வண்டியை ஸ்டார்ட் செய்வேன்.

சாவி என்னிடம்தான் இருக்கிறது. அவள் நம்பாத அதே பாக்கெட்டில், அவளுடைய ஊக்கால் குத்தி வைத்திருக்கிறேன்.