முந்திரிக்கொத்துக் கதையின் கடைசி வரி

எழுத வருகிறவர்களிடம் நான் ஸ்டாண்ட்-அப் காமெடி பார்க்கச் சொல்வதுண்டு. ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி கதை சொல்வதில் கெட்டிக்காரி. அவள் அடிக்கடி சொன்னது, நான் குலசேகரம் ஊருக்கு அவளைப் பெண் பார்க்கப் போன கதை. தட்டில் வைத்த முந்திரிக்கொத்துப் பலகாரம் முழுவதையும் நானே தின்று தீர்த்தேனாம். பெண் பிடித்திருக்கிறதா என்று அவள் அப்பா கேட்டாராம். அந்த இடத்தில் நிறுத்தி, கேட்பவர்களைப் பார்ப்பாள். அதற்குள் நான் முந்திக்கொண்டு, "இன்னும் ரெண்டு கிடைக்குமான்னு கேட்டேன்" என்று போட்டு உடைத்துவிடுவேன். பெரிய எழுத்தாளன் அல்லவா, பொறுக்காது. முப்பது வருடம் இதே கூத்துதான். கோபத்தில் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள்.

போன வருடம் நாகர்கோவிலில் ஓர் இளைஞனின் காமெடி நிகழ்ச்சிக்கு அவள்தான் என்னை இழுத்துப்போனாள். சிரிப்பு வரப்போகிற இடத்தில் அவன் வாயை மூடிக்கொண்டு நின்றான். மொத்தக் கூட்டமும் காத்திருந்தது. அவள் என் கையைக் கிள்ளினாள்.

"பாத்தியளா? அவன் நிப்பாட்டிட்டு சும்ம நிக்கல்ல. ஆளுக்க மொகத்தப் பாக்கான்."

என் மண்டையில் ஏறியது நிறுத்துவது என்ற முதல் பாதி மட்டும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில், துபாயில் இருக்கும் தன் தங்கை மகளிடம் போனில் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"பெண்ணு பிடிச்சிருக்கான்னு அப்பா கேட்டாவ..."

நிறுத்தினாள். நான் வாயைத் திறக்கவில்லை. திருந்திவிட்டேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது. பேப்பரில் ஒரு செய்தியை முழுதாகப் படித்தேன். போனில் "ஹலோ, ஹலோ" என்று அந்தப் பெண் கத்தியபோதுதான் நிமிர்ந்தேன். மனைவியின் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

பக்கவாதம். எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உயிர் தப்பியது, பேச்சு திரும்பவில்லை. அன்று நிமிர்ந்து பார்க்காத என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எழுதுகிறவன் மேடையில் நிற்பவனிடம் கற்க வேண்டியது நிறுத்துவதை அல்ல, முகம் பார்ப்பதை.

இப்போது மாலையில் நான் அவளுக்கு அந்தக் கதையைச் சொல்கிறேன். அப்பாவின் கேள்வி வரை சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பேன். உதடு அசையும். சத்தம் வராது. கடைசி வரியை நான் சொல்வதில்லை.

நேற்றும் அப்படித்தான் காத்திருந்தேன். அவளுடைய இடது கை மடியிலிருந்து மெல்ல எழுந்தது. இரண்டு விரல்களைக் காட்டினாள்.

சிரிக்க வேண்டிய இடம். எனக்கு அழுகைதான் வந்தது.